மருந்தை வாழைத்தாரில் தொங்கவிடாதீர்கள்: மருந்துப் பயிர் அனுமதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

மேற்கு மாவட்டங்களில் மருந்துப் பயிர், அதாவது மரபணுவைப் புகுத்தி மருந்துப் புரதத்தைத் தனக்குள் உருவாக்க வைத்த செடி, வளர்ப்பது பற்றிய உங்கள் ஆலோசனைக் குறிப்பைப் படித்தோம். வாழை, மக்காச்சோளம், நெல் மூன்றும் தடுப்பூசிப் புரதத்தைச் சுமக்க ஏற்ற பயிர்கள், அவற்றை உழவர் நிலங்களில் ஒப்பந்த முறையில் வளர்க்கலாம் என்கிறது அதன் ஒரு பத்தி. மூடிய குடிலுக்குள் கீரை வகைகளில் இதே ஆய்வைச் செய்யக் கேட்டு வந்த விண்ணப்பங்கள், மரபணு மாற்று உணவுப் பயிர்கள் பற்றிய கொள்கை முடிவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுவதாகச் சொல்கிறது இன்னொரு பத்தி. எது கூடாதோ அதற்குக் கதவைத் திறந்திருக்கிறீர்கள். எது நடக்க வேண்டுமோ அதைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் திசு வளர்ப்புக் கூடங்களிலும் விதை உற்பத்தியிலும் மருந்துப் பகுப்பாய்விலும் வேலை செய்பவர்கள். செடிக்குள் மருந்தை வளர்த்து வாய்வழியே கொடுக்கும் முயற்சி வெல்ல வேண்டும் என்று விரும்புகிறவர்கள். அதனால்தான் இந்தக் குறிப்பு எங்களைச் சும்மா இருக்க விடவில்லை.

வாழையை முதலில் எடுத்துக்கொள்வோம். பழம் தின்றால் போதும், ஊசி வேண்டாம் என்ற பேச்சு 1990-களில் கிளம்பியது. மேடைகளில் அது இன்றும் இனிக்கிறது. ஒரு நேந்திரன் தாரை எதிரே தொங்கவிட்டுப் பாருங்கள். மேல் சீப்பில் காய் நீண்டு தடித்து முதலில் முற்றும். கடைசிச் சீப்பில் பாதி வளர்ச்சியில் நிற்கும். ஒரே தாரில் ஒரு பழம் முன்னே பழுக்கும், இன்னொன்று நாலு நாள் கழித்துப் பழுக்கும். பழுக்கும்போது உள்ளே இருக்கும் நொதிகள் மாவை இனிப்பாக்கி, சதையை இளக்கிக்கொண்டே போகும். அதற்குள் நாம் வைத்த மருந்துப் புரதம் மட்டும் முதல் நாள் அளவிலேயே நிற்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. தாய் உரித்துக் கொடுக்கும் அந்தப் பழத்தில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது? அதைச் சொல்லும் கருவி எந்த அடுக்களையிலும் இல்லை.

இது வெறும் பயமில்லை என்பதை இந்தத் துறையின் முதல் மனிதச் சோதனையே காட்டியது. 1998-இல் வெளிவந்த அந்த அமெரிக்கச் சோதனையில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை நச்சின் தீங்கற்ற பகுதியைச் சுமந்த உருளைக்கிழங்கை ஆட்கள் தின்றார்கள். வேகவைத்தால் புரதம் கெடும் என்பதால் பச்சையாகவே 50 கிராம் அல்லது 100 கிராம் கொடுத்தார்கள். தின்ற 11 பேரில் 10 பேருக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் நான்கு மடங்குக்கு உயர்ந்தது. வழி திறந்தது உண்மை. ஆனால் ஒருவேளைக்கு உள்ளே போன புரதம் 0.4 மில்லிகிராமிலிருந்து 1.1 மில்லிகிராம் வரை ஏறி இறங்கியது. ஆய்வாளர்கள் எடைபோட்டு, தோல் சீவிக் கொடுத்த கிழங்கிலேயே இத்தனை ஏற்ற இறக்கம். 2005-இல் வெளிவந்த மஞ்சள் காமாலை பி வகைச் சோதனையில், முன்பே தடுப்பூசி போட்டிருந்தவர்களுக்கு 100 கிராம் கிழங்கு மூன்று முறை கொடுத்தும் 16 பேரில் 10 பேருக்குத்தான் எதிர்ப்பொருள் கூடியது. இப்படி ஒரு மாத்திரை வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் கடையை விட்டே எடுக்கச் சொல்வார்.

அளவு தவறினால் மருந்து வேலை செய்யாது, அவ்வளவுதானே என்று எண்ணிவிட வேண்டாம். வாய்வழி போகும் புரதத்துக்கு வேறொரு குணம் உண்டு. நாம் தினமும் தின்னும் பருப்பையும் பாலையும் உடல் எதிர்ப்பதில்லை. குடல் அவற்றைப் பழகிக்கொண்டு எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிறது. மருந்துப் புரதமும் அடிக்கடி, அளவில்லாமல் உள்ளே போனால் அதையும் குடல் அப்படியே பழகிக்கொள்ளலாம். காலராவுக்கு எதிராக உடலை எழுப்ப வேண்டிய புரதம் அதைத் தூங்க வைத்துவிடும். இதே குணம் இன்னொரு நோய்க்கு வரம். இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளில் சிலருக்கு, ஊசியில் ஏற்றும் உறைபுரதத்தையே உடல் எதிர்க்கத் தொடங்கும். அந்த எதிர்ப்பை அடக்க, உறைபுரதத்தைச் சுமந்த லெட்டூஸ் கீரைப் பொடியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆய்வு நாய்கள் வரை வந்திருக்கிறது. இதில் முன்னோடியான ஹென்றி டேனியல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆக, ஒரே பாதையில் போகும் புரதம் அளவையும் இடைவெளியையும் பொறுத்து உடலை எழுப்பவும் செய்யும், உறங்க வைக்கவும் செய்யும். அப்படிப்பட்டதைப் பழக்கடையில் விற்கும் பண்டத்தில் வைக்கலாமா?

வாழையில் மகரந்தம் பரவும் பயமில்லை, அது மலட்டுச் செடி என்று உங்கள் குறிப்பு ஆறுதல் சொல்கிறது. மகரந்தத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வாழை பரவுவது கன்றில். கோபியிலோ சத்தியமங்கலத்திலோ ஒரு தோட்டத்தில் நல்ல தார் விழுந்தால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, "மாப்ளே, எனக்கு ரெண்டு கட்டை எடுத்து வையி" என்பார். கடப்பாரையால் கிழங்கோடு பேர்த்து, சாக்கில் கட்டி, வண்டியில் வைத்து அனுப்புவார்கள். ரசீது கிடையாது, பதிவேடு கிடையாது. அறுவடைக்குப் பிறகு தோட்டத்தை உழுதாலும் மண்ணில் தங்கிய கிழங்குத் துண்டு அடுத்த மழைக்குத் துளிர்க்கும். மூன்று வருடம் கழித்து அந்தக் கன்றின் கன்று எந்த ஊரில் நிற்கிறது என்று உங்களில் யாராலும் சொல்ல முடியாது.

மக்காச்சோளம் இதைவிட மோசம். காற்றில் மகரந்தம் பறக்கும் பயிர் அது. சாதாரண விதை உற்பத்திக்கே சான்று விதைத் திடலைச் சுற்றி 200 மீட்டர் இடைவெளி விடுகிறோம். அதுவும் ரகத் தூய்மைக்காக விடும் இடைவெளி. அங்கே ஒரு சில மணிகள் கலந்தாலும் பயிர் பயிராகவே இருக்கும். மருந்து கலந்தால் அப்படி விட முடியுமா? உடுமலையிலும் பொங்கலூரிலும் விளையும் மக்காச்சோளம் எங்கே போகிறது என்று பாருங்கள். கதிரடித்து, களத்தில் காய்ந்து, வியாபாரி கிடங்கில் நாலு ஊர்ச் சோளத்தோடு ஒன்றாகக் கொட்டப்பட்டு, பல்லடம், நாமக்கல் தீவன ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும். கதிர் எடுத்த தட்டு மாட்டுக்கும் எருமைக்கும். ஒரு வயலில் தவறு நடந்தால் அது எத்தனை வீட்டுத் தட்டில் வந்து விழும் என்று கணக்குப் போட வேண்டிய இடம் இதுதான்.

வெளிநாட்டில் இது நடந்து முடிந்த கதை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மருந்து மக்காச்சோளம் போட்ட நிலத்தில் அடுத்த பட்டமாகச் சோயா விதைத்தார்கள். சிந்திய மணிகள் தாமாக முளைத்துச் சோயாவோடு சேர்ந்து அறுவடையானது. 2002-இல் அது தெரியவந்தபோது, அந்தக் கொஞ்சம் சோயா கிடங்கில் இருந்த ஐந்து லட்சம் புஷல் சோயாவோடு கலந்திருந்தது. ஏறக்குறைய 13,600 டன். அத்தனையும் முடக்கப்பட்டது. நிறுவனத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம். கலந்த சரக்கை வாங்கி அழிக்கும் செலவும் அதன் தலையிலேயே விழுந்தது. அதற்கு முன் 2000-ஆம் ஆண்டில், கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் என்று அனுமதித்த ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்று மக்காச்சோளம் மனிதர் தின்னும் பண்டத்தில் கிடந்தது. நெல்லும் தப்பவில்லை. 2001-உடன் வயல் சோதனை முடிந்துபோன எல்.எல்.601 என்ற மரபணு மாற்று அமெரிக்க நெல் 2006-இல் கடைச் சரக்கில் தலைகாட்டியது. விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் இழப்பீடு தர 2011-இல் ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலும் புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு ஒப்புதல் வந்தது 2002 மார்ச்சில், அது குஜராத் வயல்களில் விளைந்து நிற்பது வெளியே வந்தது 2001-இல். காகிதத்தில் போட்ட வேலி விதைக்குத் தெரியாது.

இனி நீங்கள் தாழ்ப்பாள் போட்ட பக்கத்துக்கு வருகிறோம். மூடிய குடில் ஆய்வையும் உணவுப் பயிர்க் கொள்கையையும் ஒரே கோப்பில் கட்டியிருக்கிறீர்கள். அங்கே நடக்கும் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். படித்த பிறகு அது வயல் வேலையா, மருந்துக் கூட வேலையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

லெட்டூஸ் இலைத் துண்டின் மேல் 0.6 மைக்ரான் தங்கத் துகளில் மரபணுவைப் பூசி, ஹீலியம் அழுத்தத்தில் சுடுகிறோம். மரபணு போய்ச் சேர வேண்டிய இடம் செல்லின் உட்கருவில்லை, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பு. முற்றிய ஓர் இலைச் செல்லில் ஏறக்குறைய நூறு பசுங்கணிகங்கள், எல்லாமாகச் சேர்த்துப் பத்தாயிரம் வரை மரபணுத் தொகுதிப் படிகள் இருக்கும். அதனால் புரதம் நிறையக் கிடைக்கும். லெட்டூஸில் பசுங்கணிகம் தாய் வழியே மட்டும் இறங்குவதால் மகரந்தத்தில் ஏறுவது மிக அரிது. சுட்ட துண்டுகளை லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஸ்பெக்டினோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த ஊடகத்தில் வைப்போம். மரபணு ஏறாதது வெளுக்கும், ஏறியது பச்சையாகத் துளிர்க்கும். பச்சையாக வந்ததையெல்லாம் நம்பிவிடக் கூடாது. தானாக ஏற்பட்ட பிறழ்வாலும் சில துளிர்கள் மருந்தைத் தாங்கிப் பச்சையாக நிற்கும். ஆகவே செருகிய இடத்துக்கு வெளியே இருந்து பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் துளிரில் பழைய படியும் புதிய படியும் கலந்தே இருக்கும். இலையை மறுபடி நறுக்கி, அதே மருந்து ஊடகத்தில் இரண்டு மூன்று சுற்று துளிர்க்க விட்டால்தான் எல்லாப் படியும் புதியதாகும். கடைசிச் சோதனை விதையில். மருந்து ஊடகத்தில் முளைக்க வைக்கும்போது ஒரு நாற்று வெளுத்தாலும் அந்த வரிசையை ஒதுக்கிவிட வேண்டும்.

பிறகு குளிரூட்டிய குடிலில், மண்ணில்லாமல் நீரில் வளர்ப்பு. 18 முதல் 22 டிகிரி. நம் ஊர் வெயிலுக்கு இதுதான் கடினமான பகுதி. பங்குனி, சித்திரையில் மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் குடில் 35 டிகிரியைத் தொடும். இப்படிச் சில நாள் சூடு பட்டால் லெட்டூஸ் பூத்தண்டு எடுக்கும், இலை கசக்கும், அந்தத் தொகுதி வீண். ஜெனரேட்டர் இல்லாத இடத்துக்கு நீங்கள் அனுமதியே கொடுக்க வேண்டாம். பூக்கும் முன்பே அறுப்பதால் மகரந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விதைக்கு விடும் சில செடிகளைத் தனி அறையில் பூட்டி வைக்கலாம்.

தண்ணீர் விஷயத்தை உங்கள் குறிப்பு தொடவேயில்லை. திருப்பூர், காங்கயம் பக்கத்துப் போர்வெல் பலவற்றில் கரைந்த உப்பு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். நொய்யலோரம் சாயக் கழிவு ஊறிய நிலமும் உண்டு. லெட்டூஸ் காட்மியத்தை விரும்பி உறிஞ்சும் கீரை. அதில் 95 விழுக்காடு தண்ணீர். ஒரு கிலோ இலை உலர்ந்தால் சுமார் 50 கிராம் பொடி. மருந்து 20 மடங்கு செறிவாகும்போது அதிலுள்ள நைட்ரேட்டும் காட்மியமும் பூச்சிமருந்து எச்சமும் அதே 20 மடங்கு செறிவாகும். ஆர்.ஓ. நீர் கட்டாயம். பூச்சிமருந்து அறவே கூடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் கன உலோகப் பரிசோதனை வேண்டும்.

அறுத்த இலை வாடத் தொடங்கியதும் அதன் சொந்த நொதிகளே மருந்துப் புரதத்தை வெட்ட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் உறைய வைத்துவிட வேண்டும். உறைந்ததை வெற்றிடத்தில் மூன்று நாள் உலர்த்தி, ஈரத்தை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சரியாக உலர்ந்த பொடி சாதாரண அறை வெப்பத்தில் வருடக்கணக்கில் நிற்கும். குளிர்பெட்டி இல்லாத மலைக் கிராமத்துக்கும் கொண்டுபோகலாம். தாளவாடிக்கும் வால்பாறைக்கும் இதனால் பலன் என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரம் ஏறி வரும் நாளில் டப்பாவைத் திறந்து வைத்தால், பொடி தண்ணீரை இழுத்துக் கட்டி தட்டும், நொதி மறுபடி உயிர்பெறும். பொடி அறையில் ஈரம் நீக்கும் இயந்திரம் ஓடியாக வேண்டும்.

அரைப்பதிலும் அளவு உண்டு. செல் சுவர் முழுதாக இருந்தால்தான் இரைப்பை அமிலத்திலும் பெப்சின் என்ற செரிமான நொதியிலும் தப்பிப் புரதம் குடலுக்குப் போகும். மனித உடலுக்கு அந்தச் சுவரைச் செரிக்கத் தெரியாது. குடல் நுண்ணுயிரிகள்தான் உடைக்கும். மாவாக அரைத்தால் சுவர் உடைந்து, மருந்து வயிற்றிலேயே செரித்துப் போகும். ரவைப் பதம் போதும். அதையும் விட்டுவிட்டு அரைக்க வேண்டும், இல்லையென்றால் ஜார் சூடாகிவிடும்.

முழுத் தொகுதியையும் ஒன்றாகக் கலந்து, மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து மாதிரி எடுத்து, புரத அளவைக் காட்டும் எலைசா சோதனை ஓட்டுவோம். உதாரணத்துக்கு, ஒரு கிராம் பொடியில் 2 மில்லிகிராம் புரதம் என்று வந்தால், அரை மில்லிகிராம் மருந்துக்கு 250 மில்லிகிராம் பொடி. அடுத்த தொகுதியில் 1.6 என்று வந்தால் 312 மில்லிகிராம் நிரப்புவோம். நோயாளிக்குப் போகும் மருந்து மாறாது. வாழைத்தாரில் எதைக் கூட்டி எதைக் குறைப்பீர்கள்?

நெல்லில்கூட இதை முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின், காலராத் தடுப்பூசிப் புரதத்தைச் சுமந்த நெல் மூடிய நீர்வளர்ப்புக் கூடத்தில் விளைந்து, பொடியாகி, 1, 3, 6 கிராம் என்று எடைபோட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டது. 2021-இல் வெளிவந்த முடிவில், சிலருக்கு எதிர்ப்பு குறைவாக வந்ததற்கும் அவர்களின் குடல் நுண்ணுயிர்களுக்கும் தொடர்பு தெரிந்தது. எடைபோட்டுக் கொடுத்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. தேவதாரு மகரந்த ஒவ்வாமைக்காக உருவாக்கிய நெல்லையும் ஜப்பான் அரசு உணவாகப் பார்க்காமல் மருந்தாகவே வகைப்படுத்தியது.

கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மிஞ்சிய தழை எதுவாக இருந்தாலும் வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் போகும். கீரை வேரோடு குப்பையில் கிடந்தால் மாலைக்குள் யாராவது அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஆகவே தழையும் வேரும் குடிலை விட்டு வெளியே வரும் முன் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வெந்திருக்க வேண்டும். கட்டுக் கட்டாக அடைத்தால் நடுவில் சூடு ஏறாது. தளர்வாக அடைத்து, சூடு காட்டும் பட்டையை நடுவில் வைத்துப் பார்த்துப் பதிய வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில், மனிதரோ கால்நடையோ தின்னும் எந்தப் பயிரிலும் மருந்து மரபணுவை வைத்துத் திறந்த வெளியில் நட அனுமதிக்கக் கூடாது. ஒப்பந்த முறை என்ற பத்தியைக் குறிப்பிலிருந்து நீக்குங்கள். பரப்பு ஒரு சென்ட் ஆனாலும் இதுவே விதி.

மருந்துச் செடிக் கோப்பை உணவுப் பயிர்க் கோப்பிலிருந்து இன்றே பிரியுங்கள். மூடிய குடில் விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 90 நாளுக்குள் எழுத்தில் முடிவு சொல்லுங்கள். மறுத்தால் காரணம் வேண்டும். நிபந்தனை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள்: இரட்டைக் கதவு, ஜெனரேட்டர், ஆர்.ஓ. நீர், கழிவுப் பதிவேடு, தொகுதிவாரி அளவுச் சோதனை. அவை இல்லாமல் நாங்களே ஒரு செடியும் வளர்க்க மாட்டோம்.

அனுமதிக்கும் ஒவ்வொரு மரபணுவுக்கும், அது வேறு சரக்கில் கலந்தால் கண்டுபிடிக்கும் சோதனை முறையும் ஒப்பீட்டு மாதிரியும் முதல் விதை ஊன்றும் முன்பே கோவையில் உள்ள விதைப் பரிசோதனைக் கூடத்தின் கையில் இருக்க வேண்டும். கலப்பு நடந்தால் முடங்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு கொடுப்பதற்கான வைப்புத்தொகையை விண்ணப்பதாரர் முன்கூட்டியே கட்ட வேண்டும். வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விவசாயியிடம் சொல்லாதீர்கள்.

மரபணு மாற்று உயிரிகள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும், குடில்களைப் பார்வையிட்ட நாளையும், கண்டதையும் தமிழில் வெளியிடுங்கள்.

கடைசியாகக் கருத்துக் கேட்பு. பி.டி. கத்தரிக்கு 2010-இல் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம் ரகங்களிலேயே அந்தக் கத்தரியை உருவாக்கியிருந்தும், ஏழில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. இம்முறை கோபியிலும் உடுமலையிலும் நாமக்கல்லிலும் கூட்டம் வையுங்கள். ஆவணங்களைத் தமிழில், 30 நாள் முன்னதாகக் கொடுங்கள். வாழைத் தோட்டத்துக்காரரும், தீவன ஆலைக்காரரும், கோழிப்பண்ணையாளரும், ஹீமோஃபிலியா பிள்ளைகளைப் பெற்றவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசட்டும். அந்தக் கூட்டங்களின் தேதியை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
கொங்கு வட்டாரத் திசு வளர்ப்பு, விதை உற்பத்தி, மருந்துப் பகுப்பாய்வுப் பணியாளர்கள்